கடல் வானிலை

3 ஜூன் 1996, திங்கள்

இன்று மாலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான். கட்டிலில் இவர். அயர்லாந்திலிருந்து வந்திறங்கிய டாக்டர் கீட்டிங் அம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சங்கீதத்தில் டாக்டராம். இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் ஆம்ப்ரோஸ். யாரும் கூப்பிடாமல் வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்ட என் தங்கை லூர்து. வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால், யார் முன்னால் என்ன சொன்னோம் என்று தெரிய வேண்டும். அதற்காக எழுதிவைக்கிறேன்.

வந்த விஷயம் இதுதான். செப்டம்பரில் இவருக்கு எழுபத்தைந்து முடிகிறது. டப்ளின் நகரத்தில் பெரிய கச்சேரி வைக்கிறார்களாம். இவர் வாலிபத்தில் எழுதிய சிம்பொனியை எண்பது பேர் சேர்ந்து வாசிப்பார்களாம். இவரைச் சக்கர நாற்காலியில் முதல் வரிசையில் வைப்பார்களாம். அது முடிந்ததும் வயதான கலைஞர்களுக்கென்று அங்கே இருக்கிற இல்லத்தில் சேர்த்து, நர்ஸ் போட்டு, கடைசிவரை பார்த்துக்கொள்வார்களாம். எல்லாம் இவருக்கு மட்டும். இவருக்கு ஒருத்தி இருக்கிறாள் என்பது அவர்கள் காகிதத்துக்குத் தெரியாது.

போன அக்டோபரில் வாதம் அடித்ததிலிருந்து இவருக்கு வலது கை இல்லை, வலது கால் இல்லை, பேச்சு இல்லை. இடது கை இருக்கிறது. பிடிவாதம் இருக்கிறது.

கீட்டிங் அம்மா ஒரு சின்ன டேப் ரிக்கார்டரைக் கட்டில்மேல் வைத்து அந்த சிம்பொனியைப் போட்டார். பாத்திரக் கடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட சத்தம். நடுவில் ஒரே ஒரு குழல் கொஞ்ச நேரம் தனியாக அழுதது. அப்புறம் மறுபடியும் பாத்திரம். இவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கீட்டிங் அம்மாவுக்கும் வழிந்தது.

“சாருக்கு ஊர் ஞாபகம் வந்திருச்சு, போகணும்னு ஏங்குறார்னு சொல்றாங்கம்மா” என்றான் ஆம்ப்ரோஸ்.

“வாதம் வந்தவருக்குக் கண்ணு தானா ஒழுகும்னு நம்ம டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்து கேஸ் சிலிண்டர்காரன் வந்தப்பவும் இப்படித்தான் ஒழுகுச்சு. அதையும் சொல்லு.”

ஆம்ப்ரோஸ் இங்கிலீஷில் சொன்னது நாலே வார்த்தை. எனக்குத் தெரியாது என்று நினைப்பு. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், உண்மைதான். ஆனால் தமிழ் ஜெபப் புத்தகத்தையும் இங்கிலீஷ் ஜெபப் புத்தகத்தையும் ஒன்றாக விரித்துவைத்து நானாகவே படித்துக்கொண்டவள் நான். சிலிண்டர் அவன் வாயிலிருந்து வரவே இல்லை.

லூர்து, “மாமா ஏரோப்பிளேன்ல போறப்ப மதுரை வரைக்கும் நாங்களும் வேன் வச்சு வருவோம்க்கா” என்றாள். மச்சான் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிற மாதிரி.

கீட்டிங் அம்மா சாப்பிட்டது மூன்று ஆப்பம், தேங்காய்ப்பால் இரண்டு தரம். தட்டைத் தானே கழுவிவைத்தார். சோப்பு அதிகம்.

4 ஜூன், செவ்வாய்

மறுபடியும் வந்தார்கள். இவருடைய வாழ்க்கையை அந்த அம்மா புத்தகமாக எழுதுகிறாராம். எழுதிய வரைக்கும் வாசித்துக் காட்டினார். பிறந்தது டப்ளின். அம்மா கோயில் ஆர்கன் வாசிப்பவர். லண்டனில் படிப்பு. முதல் சிம்பொனிக்கு ஊரே எழுந்து நின்றது. இரண்டாவதற்குப் பத்திரிகைக்காரர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கோபித்துக்கொண்டு, ஒரே ஒரு வருஷத்துக்கென்று கோடைக்கானல் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாத்தியாராக வந்தவர், திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு உள்ள காலத்துக்கு அந்த அம்மா வைத்திருக்கிற தலைப்பு ‘இந்திய மௌனம்’.

மௌனமாம். போன அக்டோபர் வரைக்கும் இந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்ததில்லை. “நீ வாங்க”, “நீங்க போடி” என்று மரியாதையைத் தலைகீழாகப் போட்டுக் கடைத்தெரு முழுக்கத் தமிழ் பேசினவர்.

கேள்வி: அவரை முதலில் எங்கே பார்த்தீர்கள்?

“பள்ளிக்கூடத்துத் தையல் ரூம்ல. கால்சட்டை கிழிஞ்சு கொண்டுவந்தாரு.”

கேள்வி: சிம்பொனியைப் பற்றி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்?

“ஒண்ணும் சொன்னதில்ல.”

கேள்வி: அயர்லாந்தைப் பற்றி?

“மழை பெய்யும்னாரு. இங்கயும்தான் பெய்யுது.”

கேள்வி: இங்கே வந்த பிறகு என்ன இயற்றினார்?

“ஒண்ணும் இல்ல. பிள்ளைகளுக்குப் பாடம் எழுதிக் குடுப்பாரு, அவ்வளவுதான்.”

கீட்டிங் அம்மா சோகமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஆம்ப்ரோஸ் மட்டும் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

“அம்மா, அது பாடமா? எனக்கு வலது காதுல கேக்காதுன்னு, எல்லாச் சத்தமும் பியானோவோட இடது பக்கத்துலயே வர்ற மாதிரி எனக்குன்னு ஒண்ணு எழுதினாரே. பேக்கரி தாவூதுக்கு ரெண்டு விரல் ஒட்டிப் பிறந்ததுன்னு மிச்ச விரலுக்கு மட்டும் ஒண்ணு எழுதினாரே. அதெல்லாம் என்ன?”

“பாடம்தானடா. கோயில்ல பாடினா பாட்டு. மேடையில வாசிச்சா கச்சேரி. வீட்டுல தாவூது வாசிச்சா பாடம்.”

நான் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போது தெரியவில்லை. சாயங்காலம் தாவூது பேக்கரியிலிருந்து அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டுவந்து காட்டினார். மாவு படிந்த சட்டம். கீட்டிங் அம்மா பார்த்தார், சிரித்தார், அழகாக இருக்கிறது என்றார். புத்தகத்தின் கடைசியில் குறிப்பாக ஒரு வரி சேர்ப்பாராம். ஒருத்தன் ஒட்டின விரலோடு உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி சங்கீதம் பண்ணினவருக்கு ஒரு வரி. எண்பது பேர் பாத்திரம் உருட்டினதற்கு ஒரு புத்தகம். பெரிய படிப்புதான்.

5 ஜூன், புதன்

மழை. துணி காயவில்லை. கீட்டிங் அம்மாவுக்கு வயிறு சரியில்லையாம். தாவூது கொடுத்த பிளம் கேக்காக இருக்கும். என் ஆப்பம் இல்லை.

6 ஜூன், வியாழன்

அந்த அம்மா இன்று காலை கிளம்பினார். வத்தலக்குண்டு மலைப்பாதை வளைவுகளை நினைத்து முகம் இப்போதே பச்சை. ஒரு காகிதம் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இவரைக் கூட்டிப்போக நர்ஸ் வருவார். ஜூலை நடுவில் அந்த இல்லத்துப் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதற்குள் சொல்ல வேண்டும்.

“இவருக்குப் போக இஷ்டம்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

கேட்டுப் பார்த்தார்களாம், “ம்” என்றாராம்.

நான் கட்டில் பக்கம் திரும்பினேன். “ஏங்க, பழனிக்கு மொட்டை போடப் போவோமா?”

“ம்.”

“லூர்துவை நம்ம வீட்டுலயே வச்சுக்குவோமா?”

“ம்.”

இதை மட்டும் ஆம்ப்ரோஸ் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னான். கீட்டிங் அம்மா சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். ஆம்ப்ரோஸுக்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. “நீங்கள் அவருடைய மனைவி. அவருக்கு இஷ்டமில்லை என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். மறுபடி கேட்கமாட்டேன்.”

அந்தக் கை ஜில்லென்று இருந்தது. அந்த அம்மா கெட்டவர் என்று சொல்லவில்லை. டேப் ரிக்கார்டரையும் கேசட்டையும் இவருக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என்ன எழுதுவது என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இஷ்டமில்லை என்றுதான். இங்கே சோறு இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. அங்கே போய்ப் பாத்திரச் சத்தம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

9 ஜூன், ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனேன். இவருக்கு ஆம்ப்ரோஸ் துணை. கோயில் வாசலில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “பாட்டு சார் அயர்லாந்து போறாராமே, ராஜா மாதிரி வரவேற்பாமே.” இவரை மச்சான் என்று சொல்ல வெட்கப்பட்டு, எங்கள் கலியாணத்துக்குத் தலைகாட்டாத என் சித்தப்பா பிள்ளைகள்தான் முன்வரிசை.

இந்த மனிதருக்குக் கோயில் என்றால் ஆர்மோனியப் பெட்டி மட்டும்தான். இருபத்துநாலு வருஷம் ஞாயிறு தவறாமல் வாசித்தார். சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது எல்லோரும் முழங்காலில் இருக்க, இவர் பெட்டியின் துருத்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். நற்கருணை வாங்கி நான் பார்த்ததே இல்லை. அயர்லாந்தில் எல்லோரும் பக்திமான்கள் என்று கன்னியாஸ்திரிகள் சொன்னதை நம்பிக் கழுத்தை நீட்டினேன்.

வழியில் லூர்து: “ஏன்க்கா மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க? மலம் மூத்திரம் அள்ற வேலையிலேர்ந்து விடுதலைன்னு சந்தோசப்படு.”

“சந்தோசமாத்தான் இருக்கேன்.”

“அப்ப கையெழுத்துப் போடு.”

“உன் கேரட் மூட்டையப் போய்ப் பாரு. சந்தையில மாடு மேயுது.”

11 ஜூன், செவ்வாய்

மத்தியானம் இவருக்கு அந்த கேசட்டைப் போட்டுவிட்டு அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். பாதியில் எட்டிப்பார்த்தால் தூங்குகிறார். ஊர் எழுந்து நின்ற சிம்பொனிக்கு, எழுதினவர் வாயைப் பிளந்து குறட்டை. நிறுத்தப் போகலாமென்றால் கையில் பருப்பு மத்து, விட்டுவிட்டேன்.

அது முடிந்து கைதட்டல் வந்தது. கீட்டிங் அம்மா எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். நான் நிறுத்தாததால் மேலே ஓடியது. ரேடியோவிலிருந்து பதிந்தது போலிருக்கிறது. ஒரு ஆள் ஏதோ வாசிக்க ஆரம்பித்தான். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரே மாதிரிக் குரல், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி.

கட்டிலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். இவர் தூங்கவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். அக்டோபருக்குப் பிறகு நான் முதுகில் கை கொடுக்காமல் அந்தத் தலை எழுந்ததில்லை. இடது கை தடவித் தடவிப் பெட்டியைப் பிடித்து, பட்டனை அமுக்கிப் பின்னால் ஓட்டி, மறுபடியும் அந்த ஆளைப் பேசவைத்தார். மறுபடியும். மறுபடியும்.

அந்தக் கண்ணில் தண்ணீர் இல்லை. காய்ந்த கண்ணாகத்தான் இருந்தது.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

12 ஜூன், புதன்

ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “கடல் வானிலைம்மா. மீன்பிடிக்கிறவங்களுக்காகச் சொல்றது. காத்து தென்மேற்கு, போகப்போக வலுக்கும், மழை உண்டு, பார்வை சுமார். இப்படி ஒவ்வொரு முனையா பேர் சொல்லிச் சொல்லிட்டு வர்றான்.”

“எந்த வருசத்து வானிலை?”

“எந்த வருசமா இருந்தா என்னம்மா, அது முடிஞ்சுபோன வானிலை.”

எப்போதோ அடித்து ஓய்ந்த காற்றைக் கேட்பதற்கு ஒரு மனிதர் தலையைத் தூக்குகிறார். நான் தினம் மூன்று வேளை கஞ்சியோடு நிற்கிறேன். அதற்குத் தூக்குவதில்லை.

14 ஜூன், வெள்ளி

பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த ஆள் குரல் இழுத்து இழுத்துக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகி நின்றுபோனது. இவர் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நாளைக்கு வாங்கலாம் என்றேன்.

15 ஜூன், சனி

மூஞ்சிக்கல் கடைக்குப் போனேன். வாங்கியது: துவரம்பருப்பு, இஞ்சி, பூண்டு, சலவை சோப்பு, இவருக்குப் புண் மருந்து, மாதாவுக்கு மெழுகுவத்தி. பேட்டரி மறந்துவிட்டது.

17 ஜூன், திங்கள்

மறுபடியும் கடை. கருவாடு வாங்கினேன். மழை வருகிற மாதிரி இருந்ததால் பேட்டரிக் கடை வரைக்கும் போகவில்லை. அது கருவாட்டுக் கடைக்கு அடுத்த கடை. இருந்தாலும் மழை மழைதான்.

18 ஜூன், செவ்வாய்

தாவூது ரொட்டி கொண்டுவந்தார். “அக்கா, சார் போறாராமே?” என்று கேட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். தலை நரைத்துவிட்டது அவருக்கும். போர்வைமேல் அந்த ஒட்டின விரல் கையால் தன் பாடத்தைச் சத்தமில்லாமல் வாசித்துக்காட்டினார். இவர் பார்த்தார். ஒரு இடத்தில் தப்பாக வாசித்தார் போல. இவர் இடது கையால் பட்டென்று தாவூது மணிக்கட்டில் ஒரு அடி போட்டார்.

“பாத்தீங்களாக்கா! நாப்பத்தி மூணு வயசுல அடி வாங்குறேன்” என்று தாவூது சிரித்தார். வாசல்வரை வந்ததும் சிரிப்பைக் காணோம். “சார் இல்லாட்டி என்னை எந்த வாத்தியார்க்கா பியானோ பக்கம் விட்டிருப்பாங்க? கைய மறைச்சு வச்சுக்கிட்டே வளர்ந்திருப்பேன்.”

அப்புறம் டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். “ஓடலையா? பேட்டரியா? நான் கடைப் பையன்கிட்ட குடுத்து விடுறேன்.”

“வேண்டாம். வீட்டுல இருக்கு” என்றேன்.

வீட்டில் இல்லை.

21 ஜூன், வெள்ளி

மூன்றாவது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். திட்டினேன். “எதுக்கு இந்த ஆட்டம்? முடிஞ்சுபோன மழைக்கு எதுக்கு இந்த ஆட்டம்? இங்க ஜன்னலைத் திறந்தா மழை இல்லையா, காத்து இல்லையா, பனி இல்லையா? கடல் ஒண்ணுதான் இல்ல. கடலை வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

சுவரைப் பார்த்தபடியே “ம்” என்றார்.

கீட்டிங் அம்மாவுக்கு இஷ்டமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை சரியில்லை.

23 ஜூன், ஞாயிறு

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் சின்ன வயது, குருப்பட்டம் பெற்றுத் திண்டுக்கல்லிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறார். தட்டியின் அந்தப் பக்கமிருந்து, “சொல்லுங்கம்மா, என்ன பாவம்?” என்றார்.

“பேட்டரி வாங்கலை சாமி.”

“எத்தனை தடவை?”

“ரெண்டு தடவை கடைக்குப் போயும் வாங்கலை. ஒரு தடவை கொண்டாந்து தர்றேன்னவர்கிட்டப் பொய் சொன்னேன்.”

அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏதாவது வேத வாக்கியம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “பேட்டரி வாங்கிப் போட்டா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்டார். சாமியார் கேட்கிற கேள்வியா இது? மூக்கைச் சீந்தினேன், ஜலதோஷம். அவர் விதித்த அபராதம்: ஒரு ஜெபமாலை, இரண்டு பேட்டரி.

இந்தக் காலத்துச் சாமியார்களுக்கு எதிலும் ஒரு முறை கிடையாது.

24 ஜூன், திங்கள்

பேட்டரி வாங்கிப் போட்டேன். இவர் சிம்பொனியைத் தொடவே இல்லை. நேராகக் கைதட்டலுக்கு ஓட்டி, வானிலைக்கு வந்தார். இந்தத் தடவை நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். வானிலை முழுவதும் கேட்பதில்லை. அந்த ஆள் ஒரு பெயரைச் சொன்னதும் நிறுத்துகிறார். பின்னால் ஓட்டுகிறார். அதே பெயர். நிறுத்துகிறார்.

ஆம்ப்ரோஸ் வந்து கேட்டான். “கில்ரானா முனைன்னு சொல்றான்மா.” பள்ளிக்கூடத்துப் பெரிய அட்லஸை எடுத்துவந்து பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். டப்ளின் ஒரு ஓரம். கில்ரானா மறு ஓரம். அங்கே நிலம் முடிந்துவிடுகிறது, அப்புறம் வெறும் நீலம்.

“கீட்டிங் மேடம் புத்தகத்துல இந்த ஊர் எங்கயும் வரலையேம்மா. பிறந்தது டப்ளின், படிச்சது லண்டன், அப்புறம் நம்ம ஊர்.”

“நல்லா தேடிப் பாரு.”

“அவங்க வாசிச்சப்ப நான்தானம்மா வரி வரியா மாத்திச் சொன்னேன். வரலை.”

இத்தனை வருஷத்தில் என்னிடமும் அந்தப் பெயர் வந்ததில்லை.

இரவு கஞ்சி முழுக்கச் சாப்பிட்டார்.

26 ஜூன், புதன்

இவருக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். ஆம்ப்ரோஸ் இல்லை, லூர்து இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“அங்க யாரு இருக்கா?”

என்னைப் பார்த்தார்.

“பொம்பளையா?”

என்னையே பார்த்தார். “ம்” வரவில்லை. பழனி மொட்டைக்கும் லூர்துவுக்கும் வந்த “ம்” இதற்கு வரவில்லை.

“பிள்ளை ஏதும் இருக்கா?”

கண்ணை மூடிக்கொண்டார். வாதம் அடித்தபிறகு ஆண்பிள்ளைகளுக்கு எவ்வளவு வசதி!

அப்புறம் இடது கை என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. நான் சோப்பு நுரையைத் துடைக்க எழுந்திருக்க வேண்டும், விடவில்லை. நுரை காய்ந்து முகமெல்லாம் வெள்ளை. பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது. அடுப்படியில் எவ்வளவோ வேலை.

27 ஜூன், வியாழன்

லூர்து வந்தாள். முடிவைச் சொன்னேன். நல்ல நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இஷ்டமில்லைன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுபோச்சு. எவ இருக்காளோ எவ செத்தாளோ, அவளத் தேடி நீயே உம் புருசனைத் தள்ளிக்கிட்டுப் போவியா?”

“நர்ஸ் தள்ளிக்கிட்டுப் போனா உனக்குச் சம்மதமா?”

“அங்க குளிர்ல நீ செத்துப்போவக்கா.”

“இங்க மட்டும் என்ன வெயில்ல வாடுறேனா?”

அழுதாள். இனிமேல் சண்டை போட ஆள் இருக்காதே என்பதற்காக அழுகிறாள். வீட்டையும் பூனையையும் அவளிடம் விட்டுப்போவதாகச் சொன்னேன். பூனைக்குக் கருவாடு மட்டும் பிடிக்கும் என்றேன். அழுகையை நிறுத்திவிட்டுக் கருவாட்டு விலையைப் பேச ஆரம்பித்தாள்.

29 ஜூன், சனி. இராயப்பர் சின்னப்பர் திருநாள்

பூசை முடிந்து கடிதம் எழுதினேன். ஆம்ப்ரோஸ் இங்கிலீஷில் மாற்றினான். எதையும் வடிகட்டக் கூடாது என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாற்றியதை நான் வரி வரியாக வாசித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் ‘பாத்திரச் சத்தம்’ என்பதை ‘கம்பீரமான இசை’ என்று போட்டிருந்தான். அடித்துத் திருத்தவைத்தேன். என் தமிழ்ப் பிரதி இங்கே:

மதிப்பிற்குரிய டாக்டர் கீட்டிங் அம்மா அவர்களுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். உங்கள் வயிறு இப்போது குணம்தானே.

அவருக்கு இஷ்டமில்லை என்று நான் எழுதினால் நம்புவேன் என்று சொன்னீர்கள். அப்படி எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவருக்கு இஷ்டம்தான். உங்கள் கச்சேரிக்கு அல்ல. அந்தப் பாத்திரச் சத்தம் போட்டால் அவர் தூங்கிவிடுகிறார். நீங்கள் விட்டுப்போன கேசட்டில், கைதட்டலுக்குப் பிறகு கடல் வானிலை வருகிறது. நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். அதில் கில்ரானா முனை என்ற இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி கேட்கிறார். அதற்காகத் தலையைத் தூக்குகிறார். நீங்கள் எழுதிய வாழ்க்கையில் அந்த இடம் இல்லை. நான் வாழ்ந்த வாழ்க்கையிலும் இல்லை.

டப்ளின் இல்லத்துப் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். எங்களுக்கு அந்த முனையில், கடல் காதில் விழுகிற மாதிரி ஒரு வீடு போதும். நான் கூட வருகிறேன். நர்ஸ் வேண்டாம். அவருக்குப் புரை ஏறாமல் கஞ்சி கொடுக்க எனக்குத்தான் தெரியும். வழியில் உங்கள் கச்சேரிக்கு ஒரு தடவை அவரை உட்காரவைக்கிறேன். மாலை போடக் கூடாது, பிடிக்காது. கச்சேரியில் தாவூதுடைய பாடத்தையும் யாராவது வாசிக்க வேண்டும். ஒட்டின விரல் இல்லாதவர்கள் அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு வாசிக்கட்டும். அது பாடம் என்று நான் சொன்னது தப்பு.

அந்த ஊரில் இவருக்கு யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள். அவரால் சொல்ல முடியாது. நான் கேட்டுவிட்டேன். இன்னும் உயிரோடு யாராவது இருந்தால், நாங்கள் வருவதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் பேசமாட்டார் என்பதையும் சொல்லுங்கள். மனைவி கூட வருகிறாள் என்பதையும் சொல்லுங்கள்; ஒளிக்க வேண்டாம். யாரும் இல்லை, கல்லறைதான் இருக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி அவரைத் தயார்படுத்திக் கூட்டிவர வேண்டும்.

எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்கு நாள் ஆகும் என்கிறார்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சலேத் மேரி ரூனி